ஃபேமிலி ரூமில் மூன்றாவது ஆள்

போன வாரம் அண்ணன் மகனும் அவன் மனைவியும் என்னை எங்கள் ஊர் வண்ணாரப்பேட்டைப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப் போனார்கள். கோபுரம் மாதிரி நிறுத்தி வைத்த நெய் ரோஸ்ட் வந்தது. நெய் மணத்தில் எனக்குக் கை தானாக நீண்டது. "அத்தை, ஒரு நிமிஷம்" என்று அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். எழுந்து நின்று ஒரு படம், குனிந்து ஒரு படம், சட்னிக் கிண்ணத்தை நகர்த்தி இன்னொரு படம். தோசை ஆறியது. நான் கோபப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு ஒரு ஆம்லெட் ஞாபகம் வந்துவிட்டது.

அது நான் தின்ற ஆம்லெட் அல்ல. நான் முட்டை தொடாத வீட்டில் பிறந்தவள். எங்கோ வெளிநாட்டில் எவனோ தின்றது. தொண்ணூறுகளின் கடைசியில், ஓரத்தில் வரிசையாக ஓட்டை போட்ட ஒரு தாளில், கறுப்பு வெள்ளையில், அமாவாசைக்கு மறுநாள் நிலா மாதிரி மங்கலாக இருந்தது. அந்தத் தாளைப் பார்த்த நாளிலிருந்துதான் என் வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது.

அப்போது பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. சமூக அறிவியல். டவுணிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். எஸ்தர் அங்கே சயின்ஸ் டீச்சர், என் வயதுதான், பாளையங்கோட்டையிலேயே பிறந்து வளர்ந்தவள். சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் மார்க்கெட் பக்கத்தில் ஒரு ஹோட்டலுக்குப் போவோம். முன்கூடத்தில் ஆண்கள் பேப்பரை விரித்துக்கொண்டு காபி குடிப்பார்கள். அங்கே இரண்டு பெண்கள் தனியாக உட்கார்ந்தால் பேப்பருக்கு மேலே வரிசையாகக் கண்கள் எட்டிப் பார்க்கும். அதனால் நேராக உள்ளே, அரைக்கதவு வைத்த ஃபேமிலி ரூமுக்குப் போய்விடுவோம். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது ஃபேமிலி என்று சொல்ல ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஆனாலும் அந்த ஊரில் நாங்கள் வாய்விட்டுச் சிரிக்க அந்த அறைதான் இருந்தது.

எஸ்தரின் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும். பிறகு மூச்சுத் திணறுகிற மாதிரி ஒரு விக்கல். அதற்கப்புறம் அந்தச் சின்ன உடம்பிலிருந்து வருகிறது என்று நம்பவே முடியாத ஒரு சத்தம். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பாள். அவள் கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்பதற்காகத்தான் நான் வாரம் முழுவதும் உழைத்தேன் என்று சொன்னால் மிகையில்லை. சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். நான் பஸ்ஸில் காதில் விழுவதையும் பரீட்சைப் பேப்பரில் கண்ணில் படுவதையும் சேர்த்து வைப்பேன்.

தாமிரபரணி எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்ட கேள்விக்கு ஒரு பையன், "எங்கள் தெருக் குழாயில், ஒருநாள் விட்டு ஒருநாள்" என்று எழுதியிருந்தான். பாபநாசம் மலைக்கு மேலே என்று சிவப்பு மையில் திருத்தி எழுதும்போதே சனிக்கிழமைக்கு ஒன்று ஆயிற்று என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மதிப்பெண் போட்டேனா என்று கேட்காதீர்கள். போட்டேன்.

இன்னொன்று ஜெயில் ஸ்டாப்பில் நடந்தது. பஸ்ஸில் ஒரு குடும்பம் ஏறியது. புது வேட்டி, பட்டுச்சேலை, தாம்பாளம், பூ. ஜெயில் ஸ்டாப் வந்ததும் கண்டக்டர் கம்பியில் தட்டிக்கொண்டு, "ஜெயிலுக்குப் போறவுக யாரு? எந்திச்சு முன்னால வாங்க. ஜெயிலுக்கு யாரு?" என்று கத்தினார். அந்தப் புது வேட்டிக்காரர் எழுந்து பைய அவர் காதோரம் போய், "அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவாச் சொல்லும்வே. பொண்ணு பாக்கப் போறோம்" என்றார். இதைச் சொன்ன அன்றைக்கு எஸ்தர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத் தலையையும் மேஜையில் வைத்துவிட்டாள். பரிமாறுகிற அண்ணாச்சி அரைக்கதவுக்கு மேலே எட்டிப் பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே அதைச் சொல்லிக்கொடுக்கக் கல்பனாவும் வந்தாள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரே ஃபேன், அதுவும் மனசு வந்தால் சுற்றும். கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏசி போட்டார்கள். அந்த ரூமுக்குத் திரை, வெளியே செருப்பு விட ஒரு பலகை, கல்பனா இடுப்பில் சாவி. மதுரையில் படித்தவள், எங்களைவிடச் சின்னவள். எஸ்தர் இரக்க குணக்காரி. பாவம், ஊருக்குப் புதிது, தனியாக இருக்கிறாள் என்று ஒரு சனிக்கிழமை அவளையும் ஹோட்டலுக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் அந்தத் தாள் வந்தது. முருகன்குறிச்சி பக்கம் புதிதாக ஒரு பிரௌசிங் சென்டர் திறந்திருந்தார்கள். அங்கே இன்டர்நெட்டில் பார்த்ததைப் பிரிண்ட் எடுத்து வந்திருந்தாள். யாரோ ஒரு ஆள் தினமும் தான் சாப்பிடுவதைச் சாப்பிடுவதற்கு முன்னால் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டுகிறானாம். இது நேற்றைய ஆம்லெட், இது முந்தாநாள் ரொட்டி என்று கல்பனா நீட்டினாள்.

எஸ்தர் தாளை வாங்கிப் பார்த்தாள். "திங்கதப் படம் புடிச்சு ஊருக்கே காட்டுதானா? கண்ணு பட்டு வயிறு வலிக்காதா இவனுக்கு?" என்றாள். அவள் சொன்னதற்கு அவளே சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கியது, விக்கல் வந்தது, கண்ணாடி கழன்றது. என் கண் முன்னால், இன்னொருத்தி கொண்டுவந்த ஒரு முட்டைக்காக.

எனக்கு முன்னால் இருந்த ரவா தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தேன். தோசை சரியில்லையா என்று அண்ணாச்சி கேட்டார். தோசையில் ஒரு குறையும் இல்லை என்றேன்.

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் தாள் வந்தது. பூனைக்குத் தொப்பி தைக்கிறவன், தன் வீட்டுப் புல்வெளி வளர்வதை எழுதி வைக்கிறவள் என்று எங்கெங்கோ இருக்கிற கிறுக்கர்கள் எல்லாம் எங்கள் மேஜைக்கு வந்தார்கள். கல்பனாவுக்குச் சொல்லவும் தெரியாது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்ற எந்த ஞானமும் இல்லாமல் வருகைப் பதிவு வாசிக்கிற மாதிரி வாசிப்பாள். அதற்கே எஸ்தர் சிரித்தாள். நான் கண்டக்டர் குரலில், கிழவர் குரலில், கைக்குழந்தை குரலில் எல்லாம் நடித்துக் காட்டிய ஆள். இந்தச் சின்னப் பெண் ஒரு பஸ்ஸில்கூட ஏறாமல், யாரையும் ஒட்டுக்கேட்காமல், உட்கார்ந்த இடத்திலேயே உலகத்தை வாரிக்கொண்டு வருகிறாளே என்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் நானும் அந்த பிரௌசிங் சென்டருக்குப் போனேன். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். பலகையால் தடுத்த சின்னச் சின்ன அறைகள். எல்லாவற்றிலும் காலேஜ் பையன்கள். கடைக்காரர் என்னை ஒரு அறையில் உட்கார வைத்து, என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டார். சிரிப்பாக ஏதாவது வேண்டும் என்று எப்படிச் சொல்வது? பாடத்துக்கு வேண்டும் என்றேன். அவர் ஒரு கட்டத்தைக் காட்டி, அதில் அடியுங்கள் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனார். தாமிரபரணி என்று ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாகத் தேடி அடித்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு படம் மேலிருந்து கீழாக இறங்க ஆரம்பித்தது. வானம் வந்தது. இன்னும் கொஞ்சம் வானம் வந்தது. மலையின் நுனி எட்டிப் பார்த்தபோது கரண்ட் போய்விட்டது. இருட்டில் பையன்கள் எல்லோரும் ஒரே குரலில் சலித்துக்கொண்டார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சலித்துக்கொண்டு, பிறகு டீச்சர் என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமையில் கல்பனா வேறு மாதிரித் தாள் ஒன்றை எடுத்தாள். அவளோடு படித்தவர்கள் எல்லோரும் மெயிலில் மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்கிற தமிழ் ஜோக்குகளாம். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தது. வழக்கம்போல ஒரே குரலில் வாசித்தாள். வேலூரில் ஒரு பஸ். அதில் ஒரு குடும்பம். தாம்பாளம், பூ. கண்டக்டர் ஜெயிலுக்கு யாரு, ஜெயிலுக்கு யாரு என்று கத்துகிறார்.

கல்பனா முடிவு வரைக்கும் வாசித்துவிட்டு, தானே சிரித்தாள். எஸ்தர் சிரிக்கவில்லை. தட்டில் கிடந்த வாழை இலையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"இது நான் சொன்னது" என்றேன். "வேலூரும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தா இருக்கு, நம்ம ஜெயில் ஸ்டாப். எஸ்தரத் தவிர யாருட்டயும் நான் சொல்லல."

கல்பனா தாளைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு மனசில் கள்ளம் ஒன்றும் கிடையாது. "அப்போ எஸ்தர் அக்கா அவருக்கு அனுப்பினதுதான் சுத்தி வந்துருக்கு போல" என்றாள்.

அவர் யார் என்று நான் கேட்கவில்லை. எஸ்தரின் முகம் சிவந்ததிலேயே தெரிந்துவிட்டது. கல்பனா அவசரமாகக் காபியைக் குடித்துவிட்டு, ஏதோ வேலை என்று எழுந்து போனாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது எஸ்தர் சொன்னாள். கனடாவில் வேலை பார்க்கிறவர், தூரத்துச் சொந்தம். வீட்டில் பேச்சு நடக்கிறது, இன்னும் முடிவாகவில்லை. மெயிலில் எழுதிக்கொள்கிறார்கள். கல்பனாதான் கூட்டிப் போய்ச் சொல்லிக் கொடுத்தாள். சனிக்கிழமை என்னை பஸ் ஏற்றிவிட்ட பிறகு இரண்டு பேரும் முருகன்குறிச்சிக்குப் போவார்களாம். நான் ஜன்னல் வழியாகக் கை காட்டிக்கொண்டு போன அத்தனை சனிக்கிழமையும்.

"ஏட்டி, எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"ஒங்கிட்டச் சொன்னா நீ அழகாச் சொல்லிருவ. ஸ்டாஃப் ரூமே சிரிக்கும். எனக்கு இது ஒண்ணு மட்டும் கொஞ்ச நாளைக்குச் சிரிப்பில்லாம இருக்கட்டும்னு தோணிச்சு."

சண்டை போடலாம் என்றால் அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் அப்படித்தான் செய்திருப்பேன். அந்தக் கனடாக்காரர் எப்படி இருமுவார் என்பதுவரை நடித்துக் காட்டியிருப்பேன்.

பஸ் வந்த பிறகு, படியில் கால் வைத்த என்னிடம் அவள் இன்னொன்றும் சொன்னாள். "அவுகளுக்கு எழுத எங்கிட்ட என்ன இருக்கு? ஒவ்வொரு வாரமும் நீ சொன்னதத்தான் எழுதுதேன். நான் ரொம்பத் தமாஷான ஆளுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காவ."

டவுண் வருகிறவரைக்கும் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை. பெருமைப்படலாமா என்று பார்த்தேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. என்னையே அறியாமல் ஒரு ஆளைச் சிரிக்க வைத்துக் கல்யாணம் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் எழுதப் போகும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது கல்பனா. அந்தப் பலகை அறையில் இரண்டு நாற்காலிதான் போட முடியும். நானே போய்ப் பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகும் சனிக்கிழமைகளில் மூன்று பேரும் போனோம். நான் நிறுத்தவில்லை. முன்னைவிடக் கவனமாகச் சேர்த்தேன், நன்றாகவே சொன்னேன். எஸ்தர் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைக்கும்போது, இது எத்தனை மணிக்குக் கனடா போகும் என்று மனசில் ஓடும். அவ்வளவுதான். கல்பனாவும் தாள் கொண்டுவருவதைக் குறைத்துக்கொண்டாள்.

கல்யாணம் பாளையங்கோட்டையிலேயே நடந்தது. வரவேற்பில் எஸ்தர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு அவருக்கு அறிமுகம் செய்தாள். உயரமான மனிதர், நல்ல முகம். "எஸ்தர் சொல்லிருக்கா. நீங்க ரொம்பப் பேச மாட்டீங்களாமே" என்றார். எஸ்தர் என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் தலையை ஆட்டினேன். பேச்சில்லாத ஆளைச் சகஜமாக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "இவ ஸ்கூல்ல ஒரு பையன் தாமிரபரணி எங்க உற்பத்தியாகுதுங்கிற கேள்விக்கு என்ன எழுதினான் தெரியுமா?" என்று எனக்கே சொல்ல ஆரம்பித்தார். நன்றாகச் சொன்னார். குழாய் வந்த இடத்தில் சரியாக நிறுத்தினார். நானும் அந்த இடத்தில் சரியாகச் சிரித்தேன். எஸ்தர் என் கையை விடவேயில்லை.

அவள் போன பிறகு நானும் கல்பனாவும் இரண்டு மூன்று சனிக்கிழமை அந்த அரைக்கதவுக்குள் போய் உட்கார்ந்தோம். நான் ஒன்று சொல்வேன், அவள் புன்னகைப்பாள். அவள் ஒன்று வாசிப்பாள், நான் நன்றாயிருக்கிறது என்பேன். இரண்டு பேருக்குமே சொல்லத்தான் தெரிந்ததே தவிர, எஸ்தர் மாதிரிச் சிரிக்கத் தெரியவில்லை. காபி ஆறுவதற்குள் எழுந்துவிடுவோம். அந்த வருஷமே கல்பனா கம்பெனி வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனாள். நான் அவளை பஸ் ஏற்றிவிட்டேன். நிஜமாகவே வருத்தமாக இருந்தது. அவளை நினைத்து வயிறு எரிந்த நாட்களில் நான் அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தேன்.

ஹோட்டல் இருந்த இடத்தில் இப்போது ஒரு ஜவுளிக்கடை நிற்கிறது. பிரௌசிங் சென்டர் ஜெராக்ஸ் கடையாகி, செல்போன் ரீசார்ஜ் கடையாகி, கடைசியாகப் பார்த்தபோது பிரியாணிக் கடையாக இருந்தது. ஃபேமிலி ரூம் என்ற போர்டையே எங்கும் காணவில்லை. பெண்கள் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து சத்தமாகச் சிரிக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

எஸ்தர் கிறிஸ்துமஸுக்கு போன் செய்வாள். இரண்டு பேருக்கும் முட்டி வலி, அவளுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், இங்கே மழை எப்படி என்று பேசுவோம். நடுவில் அவள் வீட்டில் யாரோ எதையோ சொல்வார்கள். போனைத் தள்ளிப் பிடித்துக்கொள்வாள். முதலில் சத்தமே இருக்காது. பிறகு ஒரு விக்கல் கேட்கும். அப்புறம் அது முழுவதும் கேட்கும். முடிந்ததும் திரும்பி வந்து, மூச்சு வாங்க, "ம், நீ சொல்லு" என்பாள்.

அங்கே யார் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்பதில்லை. மழை பெய்கிறது என்று சொல்வேன்.