மூன்றாவது வசனத்தில் நின்றவள்

என் மூத்த மகள் ஜெனிஷாவை எங்கள் சபையில் எல்லோரும் தாலந்துள்ள பிள்ளை என்பார்கள். இளையவள் அபிஷாவை நான் மந்தம் என்பேன், அவள் காதுபடவே.

தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஆலயம். ஆண்டுதோறும் போலச் சென்ற ஆண்டும் அங்கே ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வசனப் போட்டி வைத்தார்கள். வேதாகமத்திலுள்ள நீண்ட சங்கீதம் ஒன்றைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். ஒரு மாதமாக மாலைதோறும் ஜெனிஷாவை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அபிஷா பக்கத்தில் பயறு உரித்துக்கொண்டிருப்பாள். அவள் பெயரையும் சும்மா கொடுத்திருந்தேன்.

போட்டியன்று அபிஷா மூன்றாவது வசனத்திலேயே "மறந்து போச்சு" என்று இறங்கி வந்து என் அருகில் உட்கார்ந்தாள். எனக்கு மானமே போயிற்று.

அடுத்து ஏறிய ஜெனிஷா பாதியில் திணறினாள். அவள் கண்கள் நேராகத் தங்கையிடம் வந்தன. நானும் திரும்பிப் பார்த்தேன். அபிஷாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்துப் பார்த்தே மூத்தவள் முழுவதும் சொல்லி முதல் பரிசு வாங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏட்டி, உனக்கு முழுசும் தெரியுமா?"

"தெரியும்மா."

"பின்ன எதுக்கு மூணாவதுல நின்ன?"

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "போன வருசம் அக்கா செகண்ட் வந்ததுக்கு நீ ரெண்டு நாளு அவகிட்ட பேசாம இருந்தல்லா. அவ பாத்ரூம்ல போயி அழுதா. என்னைன்னா நீ எப்பவும் ஏசத்தான செய்வ. எனக்குப் பழகிப் போச்சு."

அந்த இரண்டு நாட்களை நான் என்றைக்கோ மறந்துவிட்டிருந்தேன். மந்தம் என்று நான் சொன்ன பிள்ளை, அதையும் மனப்பாடமாக வைத்திருந்தாள்.