ஜன்னல் வழியே ஒரு காதுகுத்து

என் மகளுக்குக் காது குத்தும் நாளில், அவளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் காருக்குள் மாட்டிக்கொண்டார். முகூர்த்தம் முடியப் பதினைந்து நிமிடம் இருந்தது.

அண்ணன் போர்ட் பிளேரில் கான்ட்ராக்டர். அவருடைய சொகுசு மின்சாரக் கார் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தது. அதன் கைப்பிடிகூடக் கதவுக்குள் ஒளிந்திருக்கும். தொட்டால்தான் வெளியே வரும். இரண்டு மாதம் முன்பு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அண்ணன் படிக்கவில்லை. நான் மூன்று தடவை படித்தேன். சின்ன பேட்டரி தீர்ந்தால் கதவுகள் திறக்காமல் போகலாம், பின்சீட்டில் அவசரத்துக்கு இழுக்கும் கம்பியும் கழன்று வரலாம், உடனே அருகிலுள்ள சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவரவும் என்று போட்டிருந்தது. எங்களுக்கு அருகிலுள்ள சர்வீஸ் சென்டர் சென்னை. நடுவில் கடல்.

"காதுகுத்து முடியட்டும்மா, அடுத்த கப்பல்ல ஏத்திடுறேன். தாய்மாமன் ஆட்டோலயா வந்து இறங்குறது?" என்றார். நானும் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

அந்தக் காரில் மட்டும் குழந்தையை ஏற்ற மாட்டேன் என்று சொல்லி, எங்கள் வீடு இருக்கும் கராச்சர்மாவிலிருந்து பஸ்ஸிலேயே கோயிலுக்கு வந்தேன். அண்ணன் பின்சீட்டில் சீர்த்தட்டுகளோடு, கண்ணாடியை முழுக்க இறக்கிக் கையசைத்தபடி வந்தார். வேப்பமரத்தடியில் நிறுத்தி, டிரைவர் இறங்கிக் கதவைச் சாத்தினார். கார் செத்தது. எந்தக் கைப்பிடியும் வெளியே வரவில்லை. அண்ணன் அவசரக் கம்பியை இழுத்தார். அது அவர் கையோடு வந்துவிட்டது.

"சாப், கிட்கீ ஸே ஆ ஜாயியே," என்று டிரைவர், ஜன்னல் வழியாக வரச் சொல்லிக் கைகாட்டினார். அண்ணன் தலையையும் ஒரு தோளையும் வெளியே விட்டார். வயிறு ஒத்துவரவில்லை.

"ரெண்டு இட்லி கம்மியா சாப்பிடுங்கன்னு காலையிலயே சொன்னேன்," என்றார் வெளியே நின்ற அண்ணி.

"வடையும் நீதானே வச்சே?"

வேறொரு வண்டியிலிருந்து கரண்ட் கொடுக்க ஆள் வர மதியமாகும் என்றார்கள். காது குத்த வந்த பத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். "மாமன் மடி அங்க இருக்கு. புள்ளைய உள்ள குடுங்கம்மா. நான் வெளிய நின்னே குத்திடுறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திடீரென்று காருக்கு உயிர் வந்து கண்ணாடி ஏறிவிட்டால்? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. கடிதத்தில் இல்லாததும் நடக்கலாமே. மாமன் உட்காரக் கொண்டுவந்த மணைப்பலகையைத் தூக்கி, ஜன்னலின் ஒரு ஓரத்தில் நிறுத்தி முட்டுக்கொடுத்தேன். என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு மகளை உள்ளே கொடுத்துவிட்டு, அவள் காலைப் பிடித்தபடி நின்றேன்.

"அம்மா, ஒண்ணு நீங்க நிக்கணும், இல்ல நான் நிக்கணும்," என்றார் பத்தர்.

காலை விட்டேன்.

பத்தரின் முதுகுதான் தெரிந்தது. ஒரு அழுகை கேட்டது. அப்புறம் அண்ணன், செத்துப்போன ஹாரனுக்குப் பதிலாக, வாயாலேயே "பாம், பாம்" என்று அடிப்பது கேட்டது. மகள் சிரித்தாள். கோயில் வாசலே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் இரண்டாவது அழுகை, சின்னதாக.

ஜன்னலில் அவள் முகம் வந்தது. இரண்டு காதிலும் தங்கப் பொட்டு. வாங்கி அணைத்தேன், அழுதது நான்தான். அவளோ மாமனிடம் திரும்பப் போக வேண்டுமென்று கையை நீட்டித் துள்ளினாள்.

பலகை உறுதியாக நிற்கிறதா என்று தள்ளிப் பார்த்துவிட்டு, கொடுத்தேன்.