நாலு பேரைப் பிடித்தால் கைக்கடிகாரம்

சேலத்திலிருந்து மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அந்த மாம்பழக் காலத்தில் எங்கள் ஊருக்கு வந்தபோது சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். மணிக்கட்டில் புதுக் கைக்கடிகாரம்.

பெங்களூரில் ஒரு கம்பெனியாம். ஐந்து ரூபாய் கட்டினால் நான்கு கூப்பன் தருவார்கள். அவற்றை நான்கு பேரிடம் விற்க வேண்டும். அந்த நால்வரும் பணம் கட்டித் தங்கள் கூப்பன்களை வாங்கிவிட்டால் நமக்குத் தபாலில் கடிகாரம் வரும். மாமாவுக்கு உண்மையாகவே வந்திருந்தது. வந்ததுதான் வினை. இப்போது ரேடியோவுக்காக மறுபடி கட்டியிருந்தார்.

எங்கள் பக்கம் பாதி வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. சேலத்துக்காரர்களான மாமாவுக்கும் அம்மாவுக்கும் அது வராது. எனக்கு விளையாட்டுத் தோழிகளால் நன்றாக வரும். ஆகவே, எட்டு வயதுப் பெண்ணான நான் வீடு வீடாகப் போய் கடிகாரத்தின் பெருமையைத் தெலுங்கில் சொன்னேன். மாமா பக்கத்தில் நின்று கையை ஆட்டிக் காட்டுவார்.

சீக்கிரமே ஊரில் எல்லோர் மடியிலும் கூப்பன். ஒரு கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரிடம் விற்கப் பார்க்க, அவர்கள் தங்கள் கூப்பனை எடுத்து நீட்டினார்கள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டா, தண்ணி சேந்தப் போனாலும் கூப்பன், எழவுக்குப் போனாலும் கூப்பன். இனி யாருகிட்டடா விப்பாங்க?"

"குருபரப்பள்ளி இருக்குதேக்கா."

"அதுக்கப்பறம்?"

"ஓசூரு."

"அதுக்கப்பறம்?"

"மைசூர் சீமையே கெடக்குது, போ!"

"நீ விக்கறது கடிகாரமில்லடா. ஆளுங்கள" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமாவின் முன்னேற்றம் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்தேன்.

ஊரார் கையில் தேங்கிய கூப்பன்களை விற்றுக்கொடுக்கப் போய், குருபரப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி நாங்கள் வாயைத் திறப்பதற்குள், டீக்கடைக்காரர் கல்லாவிலிருந்து தன் கூப்பன்களை எடுத்து எங்களிடமே நீட்டினார். பெங்களூர்ப் பக்கமிருந்து வந்த அலை எங்களுக்கு முன்பே அங்கே சேர்ந்திருந்தது.

தபாலில் எதுவும் வராமல் போகவே, மாமா பெங்களூர் போய்ப் பார்த்தார். கம்பெனி இருந்த அறை பூட்டிக் கிடந்தது. ஊர் திரும்பிய மறுநாள் போலீஸ்காரர் வந்து ஸ்டேஷனுக்கு அழைத்தார். "சாமான வித்தா வியாபாரம். ஆளச் சேத்துவுட்டாத்தான் சாமான்னா அது மோசடி. சட்டப்படி குத்தம்" என்று அதட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கிட்டயும் நாலு கெடக்குது. ஏதாச்சும் தேறுமா?" என்றார்.

மாமாவை விசாரித்துவிட்டு விட்டார்கள். ஊர் விடவில்லை. அவர் இரவோடிரவாகச் சேலத்துக்குப் போய்விட, ஆட்கள் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். மாமா நேராக விற்ற நால்வருக்கு அம்மா தன் கம்மலை விற்றுக் கொடுத்தாள். அந்த நால்வரிடம் வாங்கியவர்களும், அவர்களிடம் வாங்கியவர்களும் வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடைசியாக மாந்தோப்புக் காவல்காரரின் மனைவி வந்தாள். சண்டைக்கு வரவில்லை. வாசலில் நின்று, அழுதுகொண்டே என்னிடம் தெலுங்கில் ஏதோ மெதுவாகக் கேட்டாள். நான் பதில் சொன்னதும் முகம் மலர்ந்து போனாள்.

"என்னா கேட்டா?" என்றாள் அம்மா.

"கடிகாரம் எப்ப வரும்னு."

"நீ என்னா சொன்ன?"

"அடுத்த வாரம் வந்துரும்னு."

அதுவரை என்னைத் தொட்டு அடித்திராத அம்மா பளாரென்று அறைந்தாள். பிறகு அவளே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டிருந்த ஒருத்தியைச் சிரிக்கவைத்து அனுப்பியதற்கு எதற்கு இந்த அடி என்று எனக்கு விளங்கவேயில்லை.