உரற்பாறை இருந்த இடம்

அண்டை அயலார் உறவை வளர்க்கவென்று ஜமுனாமரத்தூரில் எங்கள் தெருக்கோடியில் எழுப்பிய சமுதாயக் கூடத்தின் திறப்பு விழாவில், “முன்பு இங்கே வெறும் பாறைதான் கிடந்தது” என்று ஒருவர் முழங்கினார்; அந்தப் பொய் வரலாறாகிவிடக் கூடாதென்றே இதை எழுதிவைக்கிறேன்.

நேற்று அரவை ஆலையருகே சாமை உமியின் மணம் மூக்கிலேறியதும், அந்த வெறும் பாறை, தன்மேல் வெட்டியிருந்த உரற்குழிகளோடும் மாலைதோறும் மாறிமாறி எழுந்த உலக்கையொலியோடும் என் முன்னே விரிந்தது. பேச்சை முறித்துக்கொண்ட இரு பெண்களை ஒரே குழியில் குத்தவிடுவது அங்கே வழக்கம். ஒருத்தியின் கையை மற்றவள் கவனியாவிட்டால் உலக்கைகள் மோதிக்கொள்ளும். எங்கள் ஆடு அவர்கள் துவரையை மேய்ந்ததால் ஒரு மாதமாக முகம் திருப்பியிருந்த பக்கத்து வீட்டு அத்தையையும் என் அன்னையையும் அப்படித்தான் நிறுத்தினார்கள்.

“இன்னா அண்ணி, உலக்கைய என் கால்மேல போடப் பாக்கிறியா?” என்றார் அத்தை.

“வாய்மேல போடத்தான் பாத்தேன், கை தப்பிப்போச்சு” என்றார் அன்னை.

பாறையே சிரித்தது. மறுநாள் எங்கள் அடுப்புக்கு அத்தை வீட்டிலிருந்தே நெருப்பு வந்தது.

அந்தப் பாறையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு உறவு வளர்க்கிறார்களாம்! கூடத்தின் வாயிலில் எந்நாளும் பூட்டு. திருமணத்துக்கு மட்டும் வாடகைக்குத் திறப்பு. அத்தையின் மகள் இன்றும் எனக்கு அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள். வேலித் தகராற்றால் ஈராண்டாக எங்களுக்குள் பேச்சில்லை. எங்களை எதிரெதிரே நிறுத்த இவ்வூரில் ஓரிடமும் இல்லையென்பதில்தான் என் நெஞ்சு கொதிக்கிறது.

இக்குறிப்பில் பிழையிருப்பின் அறிந்தவர்கள் திருத்த வேண்டுகிறேன். அவளே என் கதவைத் தட்டித் திருத்தினாலும் ஏற்றுக்கொள்வேன்.