கஞ்சி போட்டும் கெடாத துணி

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அழுதுகொண்டே எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "மூஞ்சியத் தொடச்சுட்டு வா, பேசலாம்" என்பார். துடைத்துவிட்டேன்.

தாராபுரத்தில் அப்பாவின் பருத்திக் காட்டில் விளையாடி வளர்ந்தவர், கோவையில் துணி வேதியியல் படித்து, அதே கல்லூரியில் ஆசிரியரும் ஆனார். சர்க்கரை நோயால் அப்பாவின் காலில் வந்த புண் ஆறவே இல்லை. சீழ் மேலே ஏறினால் பாதத்தை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிருமி அண்டாத கட்டுத்துணி ஒன்றைச் செய்தாக வேண்டும் என்பதைத் தவிர அக்காவுக்கு அப்புறம் வேறு நினைப்பில்லை.

ஈரோட்டு மஞ்சளின் சாற்றை விதவிதமான முறைகளில் துணியில் ஏற்றி, கோவை துடியலூரில் நாங்கள் குடியிருந்த வீட்டு மாடியில் காயப்போடுவார். பிறகு ஆய்வகத்தில் கிருமிகளோடு வைத்துப் பார்ப்பார். ஒருமுறை ஏறக்குறைய எல்லாமே பூஞ்சணம் பிடித்து நாறிவிட்டன. முகம் வாடி வீடு வந்தவரிடம் அம்மா பெருமையாகக் கேட்டார்: "துணியெல்லாம் வெறப்பா இருந்துச்சா கண்ணு? தொவண்டு கெடந்துச்சுன்னு என் சேலையோட சேத்துக் கஞ்சி போட்டுட்டேன்."

"கிருமிக்கு விருந்து வெச்சுப்போட்டயேம்மா" என்று தலையில் கைவைத்த அக்கா, சட்டென்று நிமிர்ந்தார். ஒரு துண்டு மட்டும் சுத்தமாக இருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "கஞ்சி போட்டும் கெடலைன்னா, நான் தேடுனது அதுதாம்மா." அன்று வீட்டில் சிரித்து மாளவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் அம்மாவின் கஞ்சி தூக்குப்போசியில் கல்லூரிக்குப் போனது.

மாதக்கணக்கில் சோதித்து, டாக்டரும் சம்மதித்த பிறகே அப்பாவுக்குக் கட்டினார்கள். "மஞ்சத்துணியில சாமிக்குக் காசு முடிவாங்க, நீ எங்காலுக்குக் கட்டறயே அம்மணி" என்றார் அப்பா. புண் மெல்லச் சுருங்கி மூடியது. செருப்பு மாட்டிய அன்றே எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்துபோய், தாராபுரத்துச் சொந்தங்களுக்கெல்லாம் போன் போட்டுக் காலைப் பற்றியே பேசினார்.

பின்னாளில் தானே நோயில் படுத்தபோதும், பார்க்க வந்த மாணவிகளிடம் அக்கா கேட்டது, "கஞ்சி போட்டுப் பாத்தீங்களா?" என்றுதான். முறை வைத்து உடனிருந்த அந்தப் பெண்களுக்கும், கைவிடாமல் பார்த்த டாக்டருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

இறுதி ஊர்வலத்தன்று அப்பாவை வண்டியில் ஏறச்சொல்லி எல்லோரும் கெஞ்சினோம். "எம்புள்ள குடுத்த காலுங்க. நடந்தே வாரேன்" என்றார். மயானம் வரை அவர் நடைக்கு ஈடாக மெதுவாக நடந்துவந்த உங்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி.