தானியேலும் மார்த்தாளும் என் தலைமுடியும்

எங்கள் ஊரில் யாருக்காவது அடிபட்டால் முதலில் சாமியைக் கூப்பிடுவார்கள், அடுத்ததாகத் தானியேலைக் கூப்பிடுவார்கள். சாமி வந்து நான் பார்த்ததில்லை. தானியேல் வராமல் இருந்தும் நான் பார்த்ததில்லை.

மாகறலுக்குப் பக்கத்தில், செய்யாற்றங்கரையில் எங்கள் ஊர். தானியேலுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. எங்கள் வயலில் ஏர் ஓட்டுவார், வரப்பு வெட்டுவார், களத்தில் நெல் தூற்றுவார். அம்பத்தேழாம் வருஷம் காஞ்சிபுரத்தில் பத்து நாள் முதலுதவி வகுப்பு ஒன்று நடந்தது. சர்ச்சுப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஞானசுந்தரி அவர் பேரைக் கொடுத்து அனுப்பிவைத்தார். போனவர் ஒரு காக்கிப் பையோடு திரும்பி வந்தார். பைக்குள் கத்தரிக்கோல், டிங்சர் புட்டி, சுருட்டிய துணி, நாலு மூங்கில் பட்டை. அன்றிலிருந்து ஊரில் அவருக்குப் பெயர் கட்டு தானியேல். மாடு முட்டினாலும் அவர்தான், மரத்திலிருந்து விழுந்தாலும் அவர்தான். நாற்று நடவு மும்முரத்தில் கலப்பையை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார். அரை நாள் கூலி போகும். அவருக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை, அவர் மனைவி மார்த்தாளுக்கு உறைத்தது.

எங்கள் சாதிக்காரர்களின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், மூடி மறைக்க எனக்கு மனசில்லை. தானியேல் சேரிக்காரர். கட்டு போடும்போது அவர் கை பட்டால் தீட்டில்லை, கட்டு போட்டு முடித்ததும் தீட்டு. என் நைனா ராஜாராம் ஒருமுறை மண்வெட்டியால் பாதத்தை வெட்டிக்கொண்டார். தானியேல் மாட்டுக்கொட்டகையில் உட்காரவைத்து, ரத்தத்தை நிறுத்தி, அழகாகக் கட்டுப் போட்டார். அவர் அந்தப் பக்கம் போனதும் நைனா கிணற்றடியில் குளித்தார். கட்டு நனையக்கூடாது என்று தானியேல் சொல்லியிருந்ததால் ஒரு காலைத் தூக்கித் துவைக்கிற கல்மேல் வைத்துக்கொண்டு குளித்தார். தீட்டும் போகவேண்டும், புண்ணும் ஆறவேண்டும். அந்தக் கோலத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது, கூடவே வெட்கமும் வருகிறது.

மார்த்தாளைப் பற்றிச் சொல்லாவிட்டால் தானியேலின் கதை பாதிதான். களை எடுப்பதில் அவளைப்போல் கை வேகம் யாருக்கும் இல்லை, வாய் வேகமும் அப்படியே. சடையப்பன் நுங்கு வெட்டப் பனைமரம் ஏறி விழுந்து கால் முறிந்தபோது, பையில் இருந்த துணி போதவில்லை. தானியேல் வீட்டுக்கு ஓடி, கையில் கிடைத்த புடவையைக் கிழித்துக் கட்டிவிட்டார். அது மார்த்தாளின் கல்யாணப் புடவை. மூன்று நாள் அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை. நாலாம் நாள் எங்கள் களத்துமேட்டில் எல்லார் முன்னாலும் கேட்டாள்:

"ஏன்யா, ஊருக்கெல்லாம் கட்டு கட்டறியே, நம்ம வூட்டுக் கூர ஒயுவுதே, அதுக்கு ஒரு கட்டு கட்டேன்!"

தானியேல் சிரித்துக்கொண்டே நெல்லைத் தூற்றினார். சடையப்பன் மட்டும் அந்தப் புடவைத் துணியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். அதையும் தானியேல் பைக்குள்தான் வைத்தார்.

இனி என் கதை. நான் தாயாரம்மாள், ராஜாராமின் மகள். அறுபத்துமூன்றாம் வருஷம் எனக்குப் பதினெட்டு வயது. கூரம் கிராமத்தில் தாமோதரன் என்பவருக்கு என்னை நிச்சயம் செய்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம், ஆடி முடிய இன்னும் சில நாட்கள். என் தலைமுடி முழங்காலைத் தொடும். பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைவிட முடியைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். அந்த முடி நிறைய பேன். "போன எடத்துல மாமியாக்காரி தலைய வாரும்போது என்னைத்தானே ஏசுவா?" என்று என் அம்மா கோவிந்தம்மாள் புலம்பிக்கொண்டே இருந்தாள்.

அப்போதெல்லாம் மருந்து என்றால் எங்களுக்கு இரண்டுதான். வைத்தியர் கொடுப்பது ஒன்று, பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுப்பது ஒன்று. அறுபதுக்கு அப்புறம் மூன்றாவதாக ஒன்று வந்தது. விவசாய டிப்போவில் புட்டியில் கொடுத்தார்கள், நெற்பயிரில் குருத்துப்பூச்சி விழுந்தால் தண்ணீரில் கலந்து அடிக்கவேண்டும். கொடுத்தவர்களும் அதை மருந்து என்றார்கள், வாங்கியவர்களும் மருந்து என்றார்கள். விஷம் என்று ஒருவரும் சொல்லவில்லை. மருந்து என்று பெயர் வைத்தபிறகு அதற்கு யார் பயப்படுவார்கள்?

அடித்தது போக மிச்சம் கால் புட்டி எங்கள் வீட்டு மாடத்தில் இருந்தது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். அம்மாவுக்குத் தமிழே தடுமாற்றம். ஆனால் மேலே ஒரு மண்டையோட்டுப் படம் போட்டிருந்தது. அம்மா அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி, பூச்சி மருந்துன்றாங்க, மேல மண்ட படம் போட்டுக்கீது. மண்டையில போடறதுதான் போலகீது. பேனும் பூச்சிதானே?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அம்மாவை மட்டும் குற்றம் சொல்லமாட்டேன், நானேதான் தலையைக் குனிந்து காட்டினேன். காலையில் எண்ணெயோடு சேர்த்துத் தேய்த்து, வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றியது. வாந்தி எடுத்தேன். உடம்பெல்லாம் வேர்த்தது, வாயில் எச்சில் ஊறி ஊறி வழிந்தது. "பித்தம், படுத்துக்கோ" என்றாள் அம்மா. அதற்கப்புறம் நடந்ததில் எனக்கு நினைவிருப்பது துண்டு துண்டாகத்தான். மற்றதெல்லாம் அம்மாவும் மார்த்தாளும் பிற்பாடு சொன்னது.

எங்கள் பண்ணையாள் முனியன் மாட்டுக்குத் தவிடு எடுக்க வந்தவர் நான் துவண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறார். யாரும் அனுப்பாமலே வயலுக்கு ஓடி, ஏரிலிருந்த தானியேலிடம் சொன்னார்.

"சின்னம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. மருந்து போட்டுப் படுக்க வெச்சிகீறாங்க."

"மருந்து போட்டாச்சா? அப்ப தூங்கட்டும், எயுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டு தானியேல் ஏரை ஓட்டினார். வரப்பிலிருந்து வரப்புவரை முழுசாக ஒரு சால் ஓட்டி முடித்தார். அந்த ஒரு சாலைத் தன் ஆயுசு பூராவும் அவர் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். திரும்பி வரும்போதுதான் ஏதோ உறுத்தியிருக்கிறது.

"முனியா, இன்னா மருந்து?"

"நம்ம பயிருக்கு அடிக்கிறமே, அதான். பேனுக்குன்னு தலையில தேச்சாங்களாம்."

தானியேல் ஏரை விட்ட வேகத்தில் மாடு மிரண்டு வரப்பேறிவிட்டதாம். ஓடிவந்தவர் பின்வாசலில் வந்து நின்றார். அதற்கு மேல் அவர் கால் வைத்ததில்லை, வைக்க நாங்கள் விட்டதில்லை. அங்கிருந்தே என் கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னார்.

"கண்ணுக்குள்ள கருப்பு எவ்ளோ கீதும்மா?"

"கடுகாட்டம் கீதுடா" என்றாள் அம்மா.

"அம்மா, அது மருந்தில்ல, வெசம். தோலு வழியா உள்ள எறங்கிக்கினே கீது. துணிய எல்லாம் களஞ்சி, சோப்பு போட்டு கயுவணும். முடிய ஒட்ட வெட்டணும். முடியில கீற வரைக்கும் நிக்காது."

அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் முன்னால் இரண்டு பயம் இருந்தது. மகள் செத்துப்போவாளோ என்பது ஒன்று. வேற்று ஆண், அதிலும் சேரி ஆண், வீட்டுக்குள் வந்து கல்யாணப் பெண்ணின் துணியைக் களைந்து முடியை வெட்டினான் என்று கூரத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. அந்த நேரத்தில் எது பெரிது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் உண்மை, அவளே என்னிடம் அழுதுகொண்டு சொன்னாள்.

தானியேல் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. களத்துப் பக்கம் திரும்பி, "மார்த்தா!" என்று ஒரு கத்துக் கத்தினார். பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் கை நிறையச் சேற்றோடு வந்தாள்.

"இன்னாய்யா, யாரு சாவறாங்க இன்னிக்கி?"

"நீ உள்ள போ. நான் சொல்றேன், நீ செய்யி."

அவள் ஒரே ஒரு கணம் அவரைப் பார்த்தாள். அப்புறம் அவர் பையிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு, வாசலை மறித்து நின்ற என் அம்மாவைப் பார்த்தாள்.

"கல்யாணத்துக்குப் பன்னெண்டு நாளுதான் கீது. மொட்டத் தலையோட மணையில ஒக்கார வெப்பேனா?" என்று அழுதாள் அம்மா.

"பொணத்துக்கு ஜட பின்னிப் பூ வெப்பியாம்மா? நவுரு!"

எங்கள் வீட்டு வாசலில் நின்று எங்கள் அம்மாவை நவுரு என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அம்மா நகர்ந்துவிட்டாள். வெளியிலிருந்து தானியேல், "திருப்பதிக்கு வேண்டுதல்னு சொல்லிக்கலாம்மா. ஏயுமலையான் கோச்சிக்க மாட்டாரு" என்றார். பைபிளைத் தவிர வேறு எதன்மேலும் சத்தியம் செய்யாத மனுஷன்!

பிறகு அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி, வைக்கோல்போரைப் பார்த்து நின்றுகொண்டார். கண்ணால் பார்க்காமலே வைத்தியம் செய்தார். மார்த்தாள் என்னை முற்றத்தில் கிடத்தினாள். அம்மா கொட்டாங்குச்சி, சொம்பு என்று எது கிடைத்ததோ அதில் தண்ணீரை மொண்டு ஊற்றினாள்.

"முடிய வெட்டியாச்சா? அடியோட வெட்டு. சோப்பு போடு. காதுக்குப் பின்னால. கயுத்து. மறுக்கா சோப்பு போடு. ஒருக்களிச்சிப் படுக்க வை, எச்சி உள்ள போவக்கூடாது. கையில படாம பாத்துக்க."

"கையில படாம எப்டிய்யா கயுவறது? நீ பேசாம மேல சொல்லு!"

மூன்று முறை கழுவினாள். பிறகு வேறு புடவையால் என்னைச் சுற்றிக் கட்டிலோடு வெளியே தூக்கிவந்தார்கள். சேதி கேட்டு ஓடிவந்த நைனா வண்டி பூட்டி வைத்திருந்தார். ரோட்டுக்குப் போய் காஞ்சிபுரம் பஸ்ஸை மறிக்கவேண்டும். வழியெல்லாம் வாயைத் துடைத்துக்கொண்டே வரவேண்டும், மூச்சு நின்றால் ஊதவேண்டும், அது தெரிந்தவர் தானியேல் ஒருவர்தான். அம்மா கால்மாட்டில் ஏறினாள், அவர் வண்டியில் ஏறி என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வண்டி நகர்ந்தபோது மார்த்தாள் வைக்கோல்போரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. சோப்பு நுரையோடு அத்தனை விஷமும் அவள் வெறுங்கையில் ஏறியிருந்தது. வண்டியை விட்டுக் குதித்தார், நாலு அடி அவளிடம் ஓடினார். நைனா மாட்டைப் பிடித்து நிறுத்திவிட்டார், "நீ போடா, உன் பொஞ்சாதிய பாரு" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தானியேல் அங்கும் பார்த்தார், இங்கும் பார்த்தார். பிறகு, "மார்த்தா, சோப்பு போட்டுக் குளி! தல முயுக்க ஊத்து! முனியா, அவளப் பாத்துக்க!" என்று கத்திவிட்டு வண்டிக்கே வந்து ஏறினார். என் மூச்சு அப்போது விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் என் வாயைத் துடைத்த கையாலேயே தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு வந்தார் என்று அம்மா சொன்னாள். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் வண்டியில் ஏறியிருக்கமாட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆஸ்பத்திரியில் என்னை ஒப்படைத்த கையோடு அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஓட்டமும் நடையுமாகப் போனாராம். டாக்டர் ஊசிமேல் ஊசி போட்டார். முதலில் கழுவிவிட்டது யார் என்று கேட்டார். எங்கள் வயலில் வேலை செய்கிற பொம்பளை என்று நைனா சொன்னபோது அவர் நம்பவில்லை.

பதினோராம் நாள் ஊருக்கு வந்தேன். மொட்டை திருப்பதி வேண்டுதல் என்று கூரத்துக்குச் சொல்லியாகியிருந்தது, கல்யாணம் குறித்த நாளில்தான். வண்டியை நேராகச் சேரிக்கு விடச் சொன்னேன். நைனா வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். அம்மா என்னோடு இறங்கினாள். அத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் அங்கே கால் வைத்தது அதுவே முதல் தடவை.

மார்த்தாள் வாசலில் குந்தியிருந்தாள். கை இன்னும் லேசாக நடுங்கியது, முகம் வற்றியிருந்தது. இரண்டு நாள் அவளும் பிழைப்பாளா என்று இருந்ததாம். என் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது. நான் வெட்னது மேடும் பள்ளமுமா இருந்துச்சி, ஆஸ்பத்திரில செரி பண்ட்டாங்க."

அம்மா ஏதாவது கேட்கவேண்டுமே என்று, "அந்த முடியெல்லாம் இன்னா ஆச்சி? நடுவுல நான் வூட்டுக்கு வந்து பாத்தப்ப முத்தத்துல ஒண்ணுமே இல்லியே" என்றாள்.

"பொதச்சிட்டேன்மா. நீங்க போனதும் கொல்லையில ஒரு குயி வெட்டி, முடி, துணி, அந்தப் புட்டி எல்லாத்தையும் போட்டு மூடிட்டேன். தண்ணி ஓடுன எடத்துல மண்ணு வாரிக் கொட்டுனேன். மாடு நக்கும், கோயி கொத்தும். அப்பறமாத்தான் போயி குளிச்சேன்."

கூரை ஓரமாக நின்றிருந்த தானியேல் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் இது புதுசு.

"குளிக்காம அத்த பண்ணியா? வாந்தி எடுத்துக்கினா? அத்த நான் சொல்லவே இல்லியே மார்த்தா."

"சொல்றதுக்கு நீ எங்கய்யா இருந்த?"

நான் கீழே உட்கார்ந்து மார்த்தாளின் இரண்டு காலையும் தொட்டுக் கும்பிட்டேன். அம்மா பக்கத்திலேயே நின்றாள், தடுக்கவில்லை.