யார் நீங்கள் என்று கேட்காத ஸ்டூடியோ

சென்ற வாரம் எங்கள் ஈப்போவின் புந்தோங்கில் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் கணினி முடங்கியது. காரணம் — ஒரே ஒரு புகைப்படம்.

ஸ்டூடியோவை நடத்தும் சேகர் அண்ணன் எங்கள் அடுத்த தெரு. வார இறுதிகளில் நான் கணினி வகுப்பு நடத்துவது தெரிந்து என்னை அழைத்திருந்தார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல்: கோப்புகள் அனைத்தையும் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் பணம் அனுப்பு.

அண்ணன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

“தங்கச்சி, அந்த அப்பா படத்த மட்டும் எப்படியாவது எடுத்துக் குடு. சாயங்காலம் தூக்கறாங்களாம். இன்னும் யாரும் வாங்க வரல, பாவம்.”

எந்த அப்பா? காலையில் மின்னஞ்சலில் ஒரு படம் வந்திருக்கிறது. அப்பா இறந்துவிட்டார், அவசரமாகப் பெரிதாக்கித் தாருங்கள் என்று இரண்டு வரி. அண்ணன் திறந்தார். கணினி உறைந்தது.

அப்படி ஓர் அப்பாவே இல்லை என்று அவரை நம்ப வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

“யாரு என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணே?”

“சாவு வீட்டுக்காரங்கள புடிச்சு நீங்க யாருன்னு கேக்கறதா? நல்லாவா இருக்கும் லா?”

நன்றாக இருக்காதுதான். உடலை எடுப்பதற்குள் மாலை போட்ட படம் தலைமாட்டில் நிற்க வேண்டும். ஆகவே எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்களில் முதலில் படம், மற்ற பேச்செல்லாம் கருமாதிக்குப் பிறகு. அந்த இரக்கத்தைத்தான் யாரோ வாசலாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

படம் எப்படிக் கணினியை முடக்கும் என்று வாசகர்கள் கேட்கலாம். ஒவ்வொரு படக்கோப்பும் தன் அளவைத் தானே அறிவித்துக்கொண்டு வருகிறது. விருந்துக்குப் பத்துப் பேர் வருகிறோம் என்று சொல்லிவிட்டு, மண்டப வாசலில் ஒரு பஸ் நிறைய ஆட்கள் இறங்கினால் என்ன ஆகும்? பந்தியில் இடமில்லாதவர்கள் சமையலறைக்குள் நுழைவார்கள். அதில் ஒருவன் கரண்டியைக் கையில் எடுத்து உத்தரவு போடத் தொடங்குவான். சொன்ன அளவைச் சரிபார்க்காமல் நம்பிவிடும் மென்பொருளுக்கு நேர்வது இதுவே. இத்தகைய ஓட்டைகளை அடைக்கத்தான் அவ்வப்போது அப்டேட் வருகிறது.

அண்ணனுக்கும் வந்திருக்கிறது. “கல்யாண சீசன் முடியட்டும்னு தள்ளிக்கிட்டே வந்தேன்...” என்றார். ‘பிறகு’ என்ற பொத்தானை அழுத்தாத விரல் நம்மில் யாருக்கு இருக்கிறது?

பிரதி எடுத்து வைத்த ஹார்ட் டிஸ்க்கும் அதே கணினியில் செருகியே இருந்தது. அதுவும் பூட்டப்பட்டுவிட்டது. கேமரா கார்டுகளை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் பயன்படுத்தியாயிற்று.

அப்போதுதான் புவனா வந்தாள்.

பீடோரில் அண்மையில் மணமானவள்; அந்தக் கல்யாணத்தைப் படமெடுத்தவர் சேகர் அண்ணன்தான். அவளுடைய அப்பா முன்னாள் தோட்டத் தொழிலாளி, டயாலிசிஸ் நோயாளி. முகூர்த்தத்துக்கு மட்டும் மருத்துவமனையிலிருந்து வந்து, மகளைத் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு, மாலையே ஈப்போ வார்டுக்குத் திரும்பியவர். தினமும் அந்தத் தாரை வார்த்த படத்தைத்தான் கேட்கிறாராம்.

“ஒன்னு கூடவா இல்ல அண்ணே?”

அவள் திட்டியிருந்தால் அண்ணனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திட்டவில்லை. கைப்பேசியை எடுத்துக் குடும்பக் குழுவில் பேசிப் பதிவிட்டாள்: “எல்லாரும் எடுத்த கல்யாணப் படத்த அனுப்புங்க லா. கண்ணு மூடி இருந்தாலும் பரவால்ல!”

படங்கள் குவிந்தன. அண்ணனோ அவள் நீட்டிய கைப்பேசியை வாங்கவில்லை. படம் எடுத்தே பிழைத்த மனிதர், படத்தைத் திறக்க அஞ்சினார். திருடப்பட்டது கோப்புகள் மட்டுமல்ல.

என் மடிக்கணினியைக் கொண்டுவந்தேன். எல்லா அப்டேட்டும் முடித்தது. இழப்பதற்கு உள்ளே எதுவும் இல்லாதது. “இதுல தொறங்க அண்ணே. போனா என்னோட போகட்டும்.”

திறந்தார். பாயசம். யாருடைய கட்டை விரலோ. தாரை வார்க்கும் நேரத்துப் படங்களும் இருந்தன — ஆனால் ஒவ்வொன்றிலும் அப்பாவை மறைத்துக்கொண்டு ஓர் அகலமான முதுகு!

“யாரு அண்ணே இந்த எருமை?” என்றாள் புவனா.

“நான்தான்...” என்றார் கேமராக்காரர்.

அன்று முதன்முறையாகச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் படம் இல்லை என்பது மீண்டும் உறைத்தது.

அந்த நேரம் பார்த்து, பழக்கமில்லாத எண்ணிலிருந்து புவனாவுக்கு ஒரு படம். மங்கலான முன்தோற்றத்தில் மேடை போல ஏதோ தெரிந்தது. அவள் விரல் அதைத் திறக்கப் போயேவிட்டது.

“தொடாத!” அலறியவர் சேகர் அண்ணன். “மொதல்ல கூப்புட்டு யாருன்னு கேளு.”

“கல்யாணத்துக்கு வந்தவங்கள யாருன்னு கேக்கறதா? கோவிச்சுக்க மாட்டாங்களா?”

“கேளும்மா.”

கேட்டாள். மறுமுனையில் இருந்தவர் கோபிக்கவில்லை. “மேளம் வாசிச்சேனேம்மா, லூமுட்லேர்ந்து வந்து. ஒங்க மாமா நம்பர் குடுத்தாரு. மேடை ஓரமா ஒக்காந்திருந்தேன், அதான் அப்பா மூஞ்சி நல்லா விழுந்திருக்கு.”

யார் என்று கேட்பது அவமரியாதை என்று நாம் எங்கே கற்றுக்கொண்டோம்? கனிவாகக் கேட்டால் அதுவும் ஒரு நலம் விசாரிப்புதானே!

படத்தைச் சீராக்கி, பெரிதாக்கி, வேறொரு கடையில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு மறுநாள் புவனாவும் நானும் வார்டுக்குப் போனோம். சேகர் அண்ணன் வர மறுத்துவிட்டார். அப்பா படத்தை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“சேகரு நல்லாத்தான் எடுத்திருக்கான்.”

புவனா என்னைப் பார்த்தாள். “ஆமாப்பா” என்றாள்.

நான் திருத்தவில்லை.